எண்ணெய் தேய்ப்பது சுலபம், இறக்குவதுதான் வேலை

முகம் கழுவ வீட்டிலேயே எண்ணெய் செய்கிறேன் என்று சொன்னால் இந்த ஊரில் முதலில் வருவது சிரிப்புதான். "பத்து மணிக்கே மூஞ்சி அப்பளம் பொரிச்ச சட்டி மாதிரி ஆயிருது, இதுல நீ வேற எண்ணெய் ஊத்துறியாக்கும்?" என்று என் மதினி கேட்டார். நியாயமான கேள்வி. மதுரையில் சித்திரை மாதத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் யாருக்கும் அதுதான் தோன்றும்.

ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முகத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோல் தானாகச் சுரந்த எண்ணெய், அதன் மேல் காலையில் பூசிய சன்ஸ்கிரீன், கண்மை, இது எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்ட பைபாஸ் ரோட்டுப் புழுதி. தோல் சுரக்கும் எண்ணெயில் டிரைகிளிசரைடு, மெழுகு வகைகள், ஸ்குவாலீன் என்று எல்லாமே கொழுப்பு சமாச்சாரம். சன்ஸ்கிரீனும் வியர்வையில் கரையக் கூடாது என்றே செய்யப்பட்டது. இது எதுவும் வெறும் தண்ணீருக்கு அசையாது. எண்ணெயில்தான் கரையும். சோப்பு போட்டால் போகும், சரிதான், ஆனால் நாம் குளிக்கும் சோப்பின் காரத்தன்மை பிஎச் கணக்கில் 9, 10 வரை இருக்கும், தோலோ 5-க்குப் பக்கத்தில் லேசான அமிலத்தன்மையில் இருக்க விரும்புகிறது. அதனால்தான் கழுவி முடித்ததும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பைத்தான் பலர் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெயால் அழுக்கை எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. எண்ணெய்க் குளியல் என்பதே அதுதானே. அப்பத்தா காலத்தில் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊற விட்டு, அப்புறம் சீயக்காயோ அரப்போ பயத்தமாவோ போட்டு எடுப்பார்கள். இரண்டு வேலை: ஒன்று கரைக்கிறது, இன்னொன்று கரைந்ததை இறக்குகிறது. சுண்ணாம்புக்காரத் தெரு பக்கம் நாடகக்காரர்களைப் பார்த்திருப்பவர்களுக்கும் இது தெரியும். விடிய விடிய ஆடிவிட்டு, கனமாகப் போட்ட மேக்கப்பை அவர்கள் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் துணியால் துடைத்து எடுப்பார்கள். ஜப்பானில் ஷூ உயெமுரா என்ற ஒப்பனைக் கலைஞர் 1967-ல் முகம் கழுவும் எண்ணெயைக் கடைக்குக் கொண்டு வந்தார், இன்று கொரியாக்காரர்கள் முதலில் எண்ணெய், அப்புறம் ஃபேஸ் வாஷ் என்று இரட்டைச் சுத்தம் என்ற பெயரில் அதையே உலகம் முழுக்க விற்கிறார்கள்.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எந்த எண்ணெய் நல்லது என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜொஜோபாவா, ஆர்கனா, ரோஸ்ஹிப்பா என்று. ஐந்து நிமிடத்தில் வழித்து எறியப்போகிற பொருளுக்கு அவ்வளவு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த எண்ணெய் என்பதை விட, அது முகத்தை விட்டு எப்படி இறங்கப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வழி இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது ஒன்று. பழைய சுங்குடிச் சேலை, சாயம் எல்லாம் போய் மெத்தென்று ஆன பிறகு, இதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும். டர்க்கி டவல் வேண்டாம், சொரசொரப்பு. சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு ஒரு முறை துடைத்ததைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கோடு குளியலறையில் தொங்கவிட்டு மறுநாளும் அதையே எடுத்தால் பருவுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதை.

இரண்டாவது, பயத்தமாவு. எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும், மணமும் நன்றாக இருக்கும், ஆனால் நைசாக அரைத்துச் சலிக்காவிட்டால் கன்னத்தைப் பிராண்டும். தினமும் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாவதுதான் கடையில் விற்கும் பாட்டில்களின் சூட்சுமம். எண்ணெயோடு ஒரு எமல்சிஃபையர் கலந்திருப்பார்கள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். முகத்தில் எண்ணெயாகத் தேய்த்துவிட்டு ஈரக் கையை வைத்த உடனே பால் போல வெளுத்து, தண்ணீரோடு ஓடிவிடும். வீட்டில் செய்ய சுலபமாகக் கிடைப்பது பாலிசார்பேட் 80. சோப்பு செய்கிறவர்களுக்கான பொருட்களை விற்கும் ஆன்லைன் கடைகளில் காஸ்மெடிக் தரத்தில் கிடைக்கும். பேரைக் கேட்டதும் ஐயோ கெமிக்கல் என்று பதற வேண்டாம், ஐஸ்கிரீமில் சேர்ப்பதும் இதுதான், சில தடுப்பூசிகளிலும் இருக்கிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு கூடுதல் லாபம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் சரியான உப்பு, பக்கெட்டில் வெள்ளை படியும் அளவுக்கு. சோப்பு அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து நுரை வராமல் திரிதிரியாக ஒரு படிவமாகிவிடும், அந்தப் படிவம் தோலிலும் கொஞ்சம் தங்கும். பாலிசார்பேட்டுக்கு மின்னேற்றம் கிடையாது, அதனால் உப்புத் தண்ணீரிலும் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். அடிப்படைக்கு நான் எடுப்பது நல்லெண்ணெய். எள்ளில் செசமால் மாதிரியான பொருட்கள் இருப்பதால் சீக்கிரம் காறாது, அது ஒன்றே இந்த வெயிலில் பெரிய விஷயம். மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். செக்குக்கார அண்ணாச்சியிடம் கருப்பட்டி போடாமல் தர முடியுமா என்று கேட்டால், "போடலேன்னா எண்ணெய் பிரிஞ்சு வராதேம்மா, அப்புறம் யாரு வாங்குவா?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். சமையலுக்கு அது நல்ல ருசி, முகத்துக்கு அந்த மண்டி வேண்டாம். பாட்டிலைச் சில நாள் ஆடாமல் வைத்து, மேலாகத் தெளிந்ததை மட்டும் காய்ந்த மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். எள் வாசனை பிடிக்காதவர்கள் சமையல் கட்டில் இருக்கும் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயையே எடுக்கலாம். அதில் லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலம் அதிகம், பரு வரும் முகத்துக்கு லேசாக இருக்கும், ஆனால் நல்லெண்ணெயை விட சீக்கிரம் காறிவிடும், கொஞ்சமாகச் செய்துகொள்ள வேண்டும்.

இதோடு விளக்கெண்ணெய். இதன் பிசுபிசுப்புக்குக் காரணம் ரிசினோலெயிக் என்ற கொழுப்பு அமிலம், மொத்தத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அதுதான். தேய்க்கும்போது விரல் வழுக்கி ஓடாமல் பிடித்து நிற்க உதவுகிறது. தோலின் துளைக்குள் போய் விஷத்தை இழுத்து வெளியே கொண்டு வரும் என்றெல்லாம் வீடியோக்களில் சொல்வதை நான் நம்புவதில்லை. பாதிக்குப் பாதி விளக்கெண்ணெய் ஊற்றினால் இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஐந்தில் ஒரு பங்கு போதும். கீழமாசி வீதியில் தேர்முட்டிப் பக்கம் நாட்டு மருந்துக்கடைகளில் கேட்டாலும் கிடைக்கும், மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். பூஜை சாமான் கடையில் விளக்கேற்ற விற்கிற கலப்பு எண்ணெயை மட்டும் முகத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

தேங்காய் எண்ணெய் நம் வீட்டுச் செல்லப்பிள்ளை, ஆனால் முகத்தில் பலருக்கு அது துளைகளை அடைக்கிறது. நாடகக்காரர்களுக்கு ஒத்துப்போகிறதே என்றால், மேக்கப்பை எடுத்த கையோடு அவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார்கள். வேப்பெண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அந்த வாடையோடு யாரும் தலையணையில் முகம் வைக்க முடியாது. இன்னொன்று சொன்னால் இயற்கைப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். சுத்திகரித்த மருந்துத் தரத்தில் இருந்தால் அது துளைகளை அடைப்பதில்லை, எத்தனை வெயிலிலும் காறாது, விலையும் குறைவு. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் பெரும்பாலும் அதுதான், கொஞ்சம் வாசனையோடு. எண்ணெய் எது போட்டாலும் பரு வருகிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே தொல்லை, பாலிசார்பேட் 80 இதில் கரையாமல் அடியில் தங்கிவிடும். அதனால் பாரஃபின் எடுப்பவர்கள் துணியால் துடைக்கும் வழிக்கே போவது நல்லது.

இப்போது அளவு. நல்லெண்ணெய் 65 கிராம், விளக்கெண்ணெய் 20 கிராம், பாலிசார்பேட் 80 15 கிராம். மொத்தம் 100. காய்ந்த பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், நிற்க நிற்க லேசாகப் பிரியவும் செய்யும், ஒவ்வொரு தடவையும் குலுக்கி எடுத்தால் சரியாகிவிடும். ஸ்பூன் கணக்கு வேண்டாம். ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும், விளக்கெண்ணெய் பாதி ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்ளும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைத் தராசு அளவுக்குத் துல்லியம் தேவையில்லை, சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் எண்ணெய் கெடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் பச்சைக் குளிகையாகக் கிடைப்பது டோகோஃபெரில் அசிடேட். உடம்புக்குள் போய் உடைந்த பிறகுதான் அது வைட்டமினாக வேலை செய்யும், பாட்டிலுக்குள் எண்ணெய் காறுவதைத் தடுக்கிற வேலையை அது செய்யாது. அதற்கு வேண்டியது அசிடேட் ஒட்டாத டோகோஃபெரால், அதுவும் அதே சோப்புச் சாமான் கடைகளில் தனியாகக் கிடைக்கும், 100 கிராமுக்கு அரை கிராம் போதும். அதுவும் கிருமியைத் தடுக்காது என்பது வேறு விஷயம். காறுவது வேறு, பூஞ்சணம் பிடிப்பது வேறு. தண்ணீரே இல்லாத எண்ணெயில் கிருமி வளர வழியில்லை, அதனால்தான் இந்தக் கலவைக்குப் பிரிசர்வேட்டிவ் தேவைப்படுவதில்லை. நீங்கள் அதில் ஒரு சொட்டு ரோஸ் வாட்டர், ஒரு கரண்டி கற்றாழை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு என்று எதைச் சேர்த்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மஞ்சள் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். மஞ்சளின் நிறம் எண்ணெயில் நன்றாகவே இறங்கும், அப்புறம் துடைக்கிற துணி, தலையணை உறை, நைட்டிக் கழுத்து எல்லாம் மஞ்சள்தான். கிருமிநாசினி என்று போடுகிறீர்கள், ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிறீர்கள், எதற்கு அந்தப் பாடு?

மல்லிகைக்கு ஆசைப்படாமல் மதுரையில் யாராலும் இருக்க முடியாது, அதுவும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வழியாகப் போய் வருகிறவர்களால். ஆனால் பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் வாசனை நிற்காது, வதக்கின பூ வாடைதான் மிஞ்சும். மல்லிகை பறித்த பிறகும் மணிக்கணக்கில் மணத்தைப் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும் பூ, சூடு பட்டால் அது அத்தோடு முடிந்தது. பச்சைப் பூவை அப்படியே ஊறப் போட்டால் பூவில் இருக்கிற ஈரம் எண்ணெய்க்குள் போய்ச் சேரும். வடநாட்டில் சமேலி எண்ணெய்க்கு எள்ளையும் மல்லிகையையும் மாற்றி மாற்றி அடுக்கி, பூவைப் புதுசு புதுசாக மாற்றி, மணம் முழுக்க எள்ளில் ஏறிய பிறகுதான் செக்கில் ஆட்டுவார்கள். அது முறையான வேலை, வீட்டில் செய்கிற காரியமில்லை. நான் பூவைத் தலையில் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். எசென்ஷியல் ஆயில்களும் முகத்துக்கு அவசியமில்லை, குறிப்பாக எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய் வெயில் பட்டால் தோலைக் கருக்கக்கூடியது, நம் ஊர் வெயிலில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்து பாம். தலைவலிக்குத் தேய்ப்போமே, அந்தப் பதத்தில் டப்பாவில் இருக்கும், பயணத்துக்கு ஒழுகாது, கண்மையை எடுக்க எண்ணெயை விட வசதி. இணையத்தில் இருக்கும் செய்முறைகளில் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது: தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், கலக்கு, ஊற்று, முடிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழி விடியலில் மட்டும்தான் நம் வீட்டில் அது உறைந்து கிடக்கும். ஷியா முப்பது சொச்சத்தில் இளகும். மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் அந்த பாம் பகலெல்லாம் எண்ணெயாக நிற்கும், சூடு தணிந்தால் அரைகுறையாக இறுகும். அப்படி மெதுவாக உருகி உறைந்துகொண்டே இருந்தால் ஷியா மாதிரியான வெண்ணெய்கள் ரவை ரவையாகத் திரிந்துவிடும். கெட்டுப்போனது இல்லை, ஆனால் முகத்தில் தேய்க்க நன்றாக இருக்காது.

இங்கே கைகொடுப்பது தேன்மெழுகு. அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில், அதனால் எந்தக் கத்திரி வெயிலுக்கும் அசையாது. அளவு: தேன்மெழுகு 16 கிராம், நல்லெண்ணெய் 50, விளக்கெண்ணெய் 19, பாலிசார்பேட் 15. மழைக்காலத்தில் மெழுகை 13 ஆகக் குறைத்து, அந்த 3 கிராமை நல்லெண்ணெயில் கூட்டிக்கொள்ளலாம். மெழுகு கூடக்கூட பாம் முகத்தில் இழுக்கும், இறங்கவும் மறுக்கும், அதனால் கட்டியாக இருக்கட்டும் என்று அள்ளிப் போடாதீர்கள். மெழுகு வாங்கும்போது தேன் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். மெழுகுவத்திக்காரர்கள் விற்பது பாரஃபின் மெழுகு, அது வேறு.

அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. ஒரு சட்டியில் தண்ணீர் சூடாகட்டும், அதற்குள் எவர்சில்வர் டம்ளரில் மெழுகும் எண்ணெயும். மெழுகு முழுக்கக் கரைந்ததும் இறக்கி, துடைத்து (டம்ளர் அடியில் இருக்கும் ஒரு சொட்டு நீர்கூட டப்பாவுக்குள் விழக் கூடாது), பாலிசார்பேட்டை ஊற்றிக் கலக்கி, ஆறும் முன் டப்பாவில் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன் ஒரு சில்லென்ற கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பாருங்கள். இளக்கமாக இருந்தால் மெழுகு கொஞ்சம், இறுகினால் எண்ணெய் கொஞ்சம். முழுக்க ஆறும் வரை மூடி போட வேண்டாம், உள்ளே வியர்த்து நீர் இறங்கும். பாத்திரம் கழுவுவதுதான் இதில் பெரிய எரிச்சல். சூடாக இருக்கும்போதே பழைய பேப்பரால் துடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம், ஸிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

பயன்படுத்தும்போது கையும் காய்ந்திருக்க வேண்டும், முகமும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் கரைக்கிற வேலை ஆரம்பிக்கும் முன்பே பால் மாதிரி ஆகிவிடும். ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும், ஐந்து பத்து நிமிடம் மசாஜ் செய்து மூக்கில் இருந்து என்னவோ மணல் மணலாக வருகிறது என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள், தோலைச் சிவக்க வைப்பதுதான் மிச்சம். அப்புறம் கையை நனைத்து மறுபடி தேய்க்க, வெளுத்ததும் கழுவிவிடலாம். அதன் பிறகும் லேசான ஃபேஸ் வாஷ் ஒன்று போடுவது என் வழக்கம், வறண்ட தோல்காரர்களுக்கு அது தேவைப்படாமல் போகலாம். லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் கண் பக்கம் போக வேண்டும். டப்பாவில் இருந்து எடுக்க ஒரு சின்னக் கரண்டி வையுங்கள், ஈர விரல் நுழைந்த டப்பாவில்தான் பூஞ்சணம் வரும். வைக்கும் இடம் குளியலறை வேண்டாம், பீரோவே நல்லது. காறல் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். நெற்றியில், முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக அரிப்போடு வருகிற குருக்கள் சிலருக்கு உண்டு, பரு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது மலாசீசியா என்ற பூஞ்சையால் வருவது, அந்தப் பூஞ்சைக்கு நாம் பூசும் தாவர எண்ணெய்களே தீனி. அவர்கள் இந்தப் பக்கம் வராமல் தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. மற்றவர்களும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வரலாம்.

நன்றாக வந்துவிட்டால் அடுத்த கேள்வி, இதை விற்கலாமா. இன்ஸ்டாகிராமில் நிறையப் பேர் விற்கிறார்கள், ஆனால் சட்டப்படி முகத்தில் பூசும் எதையும் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டமும் 2020-ல் வந்த அழகுசாதன விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமையலறையில் செய்கிறேன் என்றால் கிடைக்காது. தோழிகளுக்குச் சும்மா கொடுப்பது என்றால் டப்பா மேல் செய்த தேதியையும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் உண்டு, நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.